லெதேகாவின் பெட்டி

பூத்தா பூத்தே நகரத்துப் பிணவறையிலிருந்து லெதேகாவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வெயில் நன்றாகவே இருந்தது. காற்று துளியும் இல்லை. அதுதான் வேன்காரர் செகாக்கேவுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் காற்றில்லாத வெயிலை நம்பமாட்டார்கள்.

“சாயங்காலத்துக்கு மேல பனின்னு ரேடியோவுல சொல்றான். காலையில பாத்துக்கிட்டுப் போலாமே. போனவரு எங்கயும் ஓடிடப் போறதில்ல,” என்றார்.

லெதேகாவின் தம்பி தூமோ அதைக் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை அடக்கம். ஊரில் பந்தல் போட்டாயிற்று, மாடு கட்டியாயிற்று, உறவுக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். காலையிலிருந்து அவனுடைய அம்மா போனில் ஓயவில்லை. “என் பிள்ளையை ஊரான் வீட்டு அறையில இன்னொரு ராத்திரி போட்டு வைக்காத” என்பதுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது.

லெதேகாவின் மனைவி மாலினேயோவை யாரும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் புருஷனின் நெஞ்சு புழுதியடைத்துப்போன நாளிலிருந்து அவள் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில்தான் தூங்கியிருந்தாள். எங்கேயாவது ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வேனுக்குப் பின்னால் கோத்திருந்த டிரெய்லரில் பெட்டியை ஏற்றிக் கட்டினார்கள். பெட்டியைத் தேர்ந்தெடுத்தது மாமியார்தான். போன மாதம், மகன் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொன்ன அன்று, ஊரிலிருந்து இறங்கி வந்து கடை கடையாக ஏறி, கெட்டிப் பலகையில் செய்த, பளபளவென்று எண்ணெய் பூசிய, பித்தளைப் பிடி வைத்த ஒன்றைக் காட்டினாள். எங்கள் மலையில் மரம் கிடையாது. வீட்டுக் கதவு தகரம், அடுப்புக்குச் சாணம். அந்தக் குடும்பத்துக்குள் அவ்வளவு மரம் ஒரே நேரத்தில் நுழைந்ததே இல்லை. “உயிரோட இருந்தப்ப மண்ணுக்கடியில கிடந்தான். போகும்போதாவது ராஜா மாதிரி போகட்டும்,” என்றாள்.

வேனில் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருத்தி மாபொன்ஷோ. பஸ் நிலையத்தில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்பவள், கனத்த உடம்புக்காரி, தங்கையைப் பார்க்க மேலே போகிறாள். இன்னொருத்தி கெனெவே. சின்னப் பெண். முதுகில் கட்டிய கைக்குழந்தையோடு புருஷன் ஊருக்குப் போகிறாள்.

“ந்தாத்தே செகாக்கே, உங்க டயர் என் புருஷன் தலை மாதிரி வழவழன்னு இருக்கே, மலை ஏறுமா?” என்று மாபொன்ஷோ கேட்டாள். எங்கள் பேச்சில் ஆண்களுக்கு மரியாதை ‘ந்தாத்தே’, பெண்களுக்கு ‘ம்மே’.

“உங்க புருஷன் எத்தன வருஷமா உங்களச் சுமக்கறாரு? அவரே தாங்குறப்ப என் வண்டி தாங்காதா ம்மே?”

துக்கக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நினைவு வந்து மாபொன்ஷோ வாயைப் பொத்திக்கொண்டாள். மாலினேயோவுக்குத்தான் அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது. பல மாதங்களாக அவளைச் சுற்றி எல்லோரும் கிசுகிசுத்தே பேசியிருந்தார்கள்.

த்லாயெங் கணவாய்க்குக் கீழே, கடைசி வளைவுகளில், பனி பிடித்துக்கொண்டது. முதலில் கண்ணாடியில் மாவு தூவினமாதிரி விழுந்தது. பிறகு காற்று வந்தது. மேலிருந்து விழவேண்டிய பனி பக்கவாட்டில் ஓடியது. வழியோரக் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கணவாயின் உச்சியைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது. வேன் குறுக்காகத் திரும்பி, மலைப் பக்கத்து ஓடையில் பின்சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. செகாக்கேவும் தூமோவும் கையாலும் தட்டாலும் பனியைத் தோண்டினார்கள். தோண்டிய குழி அவர்கள் கண்முன்னாலேயே நிரம்பியது. போனில் சிக்னல் இல்லை. முன்னாலோ பின்னாலோ ஒரு வண்டியும் வரவில்லை.

அந்த இரவு இன்ஜினைப் போட்டும் நிறுத்தியும் ஓட்டினார்கள். மாபொன்ஷோ குழந்தைக்காரியைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். “இந்த வண்டியோட ஹீட்டர் நான்தான், கூச்சப்படாம ஒட்டிக்கோ,” என்றாள். விடிவதற்கு முன் பெட்ரோல் தீர்ந்தது. வெளிச்சம் வந்தபோது காற்றில் ஒரு பக்கத்து ஜன்னல் உடைந்து உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகு வேன் வெறும் தகரப் பெட்டிதான். வெளியே நிற்பதைவிட உள்ளே உட்கார்வது குளிராக இருந்தது.

பனி கொஞ்சம் கிழிந்த ஒரு கணத்தில், சாலைக்குக் கீழே கற்களால் கட்டிய ஒரு வட்டக் குடிசையைத் தூமோ பார்த்தான். கோடையில் ஆடு மேய்க்க மேலே வருபவர்கள் தங்கும் குடிசை. ஆளில்லை. கூரை தகரம், பாதி துருப்பிடித்தது, ஆனால் இருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அதற்குள் போய் விழுந்தார்கள்.

தூமோ மட்டும் திரும்ப மேலே ஏறினான்.

“எங்கப்பா போற?” என்று செகாக்கே கேட்டார்.

“அண்ணன எடுத்துட்டு வரேன். நரி சுத்துற இடம். அங்க விட்டுட்டு நான் இங்க குளிர் காயமாட்டேன்.”

செகாக்கே முனகிக்கொண்டே அவனோடு போனார். பெட்டியைப் பனியில் சறுக்கவிட்டு, கயிற்றால் பிடித்திழுத்துக் குடிசைக்குள் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார்கள். தூமோ தன் கையுறையால் மேலிருந்த பனியைத் துடைத்துவிட்டான்.

குடிசை மூலையில் ஆட்டுக்காரர்கள் விட்டுப்போன காய்ந்த சாணம் கொஞ்சம் கிடந்தது. அதைப் பற்றவைத்தார்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே தூமோ குரங்குக் குல்லாவை இழுத்துக் கழுத்துவரை விட்டுக்கொண்டு எழுந்தான். சாலைப் பணியாளர்களின் முகாம் ஒன்று கீழே எங்கேயோ இருக்கிறது, கம்பத்துக்குக் கம்பம் பிடித்துக்கொண்டு போனால் சேர்ந்துவிடலாம் என்றான்.

“வேணாம் தூமோ. வழி தெரியாது. நீயும் போயிட்டா அம்மாவுக்கு யாரு?” என்றாள் மாலினேயோ.

“இங்க உக்காந்திருந்தா மட்டும் என்ன, அண்ணி? எல்லாரும் சேந்து போறதுக்கு நான் ஒருத்தன் போறேன்.” பிறகு பெட்டியைப் பார்த்துச் சொன்னான்: “அவரப் பாத்துக்கோங்க. ஊருக்குப் போற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா.”

அவன் போன சுவடு உடனே மூடிக்கொண்டது.

சாணம் மதியத்துக்குள் சாம்பலானது. செகாக்கே மேலே போய் மாற்று டயரை உருட்டிக்கொண்டு வந்து கொளுத்திப் பார்த்தார். கரும்புகை குடிசையை அடைத்தது. குழந்தை மூச்சுக்குத் தவித்து நீலம் பாரித்ததும் டயரை உதைத்து வெளியே தள்ளினார்கள். சீட்டின் பஞ்சைக் கிழித்து எரிக்கலாமா என்று கெனெவே கேட்டாள். “அந்தப் புகை டயர்ப் புகையவிட மோசம். ஒரு டிரைவர் குடும்பமே அப்படிப் போயிருக்கு,” என்றார் செகாக்கே. சுற்றிலும் புதர்கூட இல்லை. இருந்தாலும் அது ஓர் ஆள் உயரப் பனிக்கு அடியில் கிடந்தது.

மாபொன்ஷோ தங்கைக்காகக் கொண்டுவந்த மாவுருண்டைகள் கல்லாகியிருந்தன. அவற்றை வாயில் ஊறவைத்துக் கெனெவேக்கு ஊட்டினாள். கெனெவேக்குப் பால் நின்றுபோயிருந்தது. குழந்தை முதலில் அழுதது, பிறகு முனகியது, பிறகு அதுவும் இல்லை. உதட்டை மட்டும் எப்போதாவது சப்பியது. தன் மேல்கம்பளியைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றிய மாலினேயோ, அதன் பாதத்தைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். மீனைப் பிடித்தமாதிரி இருந்தது.

செகாக்கேவின் விரல்கள் வெளுத்துவிட்டன. தீக்குச்சியை எடுக்கக்கூட முடியவில்லை. மாபொன்ஷோ பேச்சை நிறுத்திவிட்டாள். வெளியே பகல் மங்கத் தொடங்கியது. இன்னொரு இரவு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மாலினேயோ கவனித்தாள். அந்தச் சின்னக் குடிசைக்குள் நாலு பேரும் கதவைப் பார்க்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள், தங்கள் காலைப் பார்க்கிறார்கள். சுவரோரத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. தானும் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“ந்தாத்தே செகாக்கே, உங்க ஜாக்கிக் கம்பி எங்க இருக்கு?”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “வேணாம் ம்மே. அது ஆகாது.”

“எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் எத்தனையோ பேர மேல கொண்டாந்து இறக்கியிருக்கேன். ஒரு பெட்டியையும் வழியில திறந்ததில்ல. அந்தத் தம்பி வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“நான் திறந்தேன்னு சொல்லுங்க.”

கெனெவே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களுக்காக வேணாம்க்கா. உங்க வீட்ல உங்கள உயிரோட விடமாட்டாங்க.”

“உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்கும்தான் குளிருது,” என்றாள் மாலினேயோ.

கம்பி டயரோடு சேர்ந்து வாசலில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்துவந்து பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். மாபொன்ஷோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். செகாக்கே குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திருகுகளை நெம்பிப் பெயர்க்க நேரம் பிடித்தது. கை மரத்துப்போனதால் இரண்டு தடவை கம்பி வழுக்கி அவள் மணிக்கட்டைக் கிழித்தது. வலிகூடத் தெரியவில்லை.

மூடி வந்தது. உள்ளே வெள்ளைப் பட்டுத்துணி விரித்து, அவனுடைய கல்யாணக் கம்பளியில் அவனைச் சுற்றியிருந்தார்கள். முகம்வரை இழுத்து மூடியிருந்ததை அவள் விலக்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கெனெவேக்கு அவள் உதடு அசைந்தது தெரிந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு கம்பளியைத் திரும்ப முகத்தின்மேல் போட்டாள்.

“மூடி மட்டும் போதும். மூடியோட நிறுத்திக்குவோம்,” என்றார் செகாக்கே.

மூடியைக் கல்லில் சாய்த்து அவளே மிதித்து உடைத்தாள். மூடியின் உட்புறத்துப் பட்டுத்துணியில் தீ பிடித்தது. பலகை முதலில் பற்ற மறுத்தது. பிறகு மேலே பூசியிருந்த எண்ணெயில் பச்சையும் மஞ்சளுமாகச் சுடர் எழுந்து குடிசைச் சுவர் வெளிச்சமானது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் தீயை நோக்கி நகர்ந்தார்கள். வெட்கத்தோடுதான் நகர்ந்தார்கள், ஆனால் நகர்ந்தார்கள். தகரக் குவளையில் பனியை உருக்கி, மாவுருண்டையைக் கரைத்துக் கெனெவேக்குக் கொடுத்தார்கள்.

மூடி நடுராத்திரிகூடத் தாங்கவில்லை. காற்று கூரையைப் பிய்த்துவிடுவதுபோல அடித்தது. குழந்தை அழத் தொடங்கியிருந்தது, அந்த அழுகையை மறுபடி இழக்க யாருக்கும் துணிவில்லை. இந்தத் தடவை செகாக்கே ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து பக்கப்பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். விரல் மடங்காததால் மணிக்கட்டால் அழுத்திப் பிடித்தார்.

பக்கப்பலகையோடு பிடிகளும் தீயில் விழுந்தன. மாமியார் தடவித் தடவிப் பார்த்து வாங்கிய பித்தளைப் பிடிகள் வளைந்து, குமிழிட்டு, சொட்டுச் சொட்டாக ஒழுகின. வாசனையைப் பிடித்ததும் மாபொன்ஷோவுக்கு நெடுநேரத்துக்குப் பிறகு வாய் வந்தது.

“பிளாஸ்டிக்கு. உன் மாமியார ஏமாத்திட்டான்டி கடைக்காரன்.”

மாலினேயோ சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. மாபொன்ஷோ அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, “அழு, அழு, அதுவும் சூடுதான்,” என்றாள்.

கடைசியாக அடிப்பலகை. அதை எடுக்க வேண்டுமானால் லெதேகாவைத் தரையில் இறக்க வேண்டும். அவளும் செகாக்கேவும் கம்பளியின் இரு முனைகளையும் பிடித்து இறக்கினார்கள். அவன் மிகவும் இளைத்துப்போயிருந்தான். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

விடியும் நேரத்தில் குழந்தையின் நடுக்கம் மறுபடி கூடியது. கெனெவே எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்வை தரையில் கிடந்த கல்யாணக் கம்பளிமேல் ஒரு கணம் நின்று விலகியது. மாலினேயோ போய்க் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதை மட்டும் அவளால் முடியவில்லை. திரும்பி வந்து தன் கோட்டைக் கழற்றிக் கெனெவேயிடம் கொடுத்துவிட்டு, மாபொன்ஷோவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

காலையில் காற்று நின்றது. வானம் கண்கூசும்படி நீலமாக இருந்தது. சூரியன் ஏறிய பிறகு, சாலையில் பனி ஒதுக்கும் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. செகாக்கே வெளியே போய்க் கையை ஆட்டினார்.

தூமோதான் முன்னால் வந்தான். இரண்டு சாலைப் பணியாளர்கள் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் போனவன், இருட்டியதும் சாலைக்கடியிலிருந்த ஒரு குழாயில் ஊர்ந்து படுத்திருக்கிறான். எப்போது எழுந்து நடந்தான், முகாமுக்கு எப்படிச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு பூட்ஸ் எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலில் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றபோது, இடத்தை நான்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இயந்திரத்தில் ஏறி வந்திருந்தான்.

குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். ஆட்களை எண்ணினான். குழந்தை அசைவதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. பிறகு சுவரோரம் பார்த்தான். பிறகு சாம்பலை.

“அண்ணனோட பெட்டி எங்க அண்ணி?”

மாலினேயோ எழுந்து நின்றாள். “எரிச்சிட்டேன்.”

“என்னக் கேக்காம?”

“நீ இல்ல.”

“நான் வருவேன்னு தெரியாதா?”

“தெரியாது தூமோ,” என்றாள்.

அவன் வாசற்கல்லில் உட்கார்ந்தான். பின்னால் வந்து நின்ற லாரியில் ஏற்றப் பணியாளர்கள் லெதேகாவைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போனபோதும் அவன் தலை நிமிரவில்லை. கீழே இறங்கும் வழியெல்லாம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பயணத்தில்தான் மலைக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் பார்த்தார்கள். வேலியோரம் ஒதுங்கிய ஆடுகள் ஒதுங்கிய நிலையிலேயே நின்று செத்திருந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பள்ளிக்கூடத்தின் கூரை உள்ளே விழுந்திருந்தது. பல ஊர்களில் புகையே இல்லை. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று மாவு மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனது. மூட்டை விழுந்த இடத்துக்குப் பெண்கள் இடுப்பளவு பனியில் நீந்திப்போவது மேலிருந்து தெரிந்தது. மேய்ச்சலுக்குப் போன ஆண்களைத் தேடி ஒவ்வொரு ஊரிலிருந்தும் கோல்களோடு கூட்டம் கிளம்பியிருந்தது. பனியில் கோலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மபோலானெங் மருத்துவ நிலையத்தில் தூமோவையும் செகாக்கேவையும் கெனெவேயையும் குழந்தையையும் இறக்கினார்கள். மாபொன்ஷோ அங்கிருந்து பக்கத்து ஊரிலிருந்த தங்கை வீட்டுக்கு நடந்தாள். குழந்தை பிழைத்தது. ஒரு காதின் நுனி மட்டும் கறுத்து உதிர்ந்தது. செகாக்கே மூன்று விரல்களை இழந்தார்.

ஆக, ஊருக்கு லெதேகாவோடு போய் இறங்கியவள் மாலினேயோ ஒருத்திதான்.

மாமியார் பட்டி வாசலில் நின்றிருந்தாள். பந்தல் பனியின் பாரத்தில் மடிந்து கிடந்தது. பட்டிக்குள் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்திருந்தன. அடக்கத்துக்குக் கட்டிய மாடும் கயிற்றோடு செத்திருந்தது. லாரியின் பின்கதவைத் திறந்து கம்பளி மூட்டையை இறக்கியபோது அவள் அதைப் பார்த்தாள், பிறகு லாரிக்குள் பார்த்தாள்.

“பெட்டி?”

மாலினேயோ சொன்னாள். யாருக்காக, எங்கே, எப்படி என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். மாமியார் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஊர் பேர் தெரியாதவளோட குழந்தைக்கு என் பிள்ளையோட வீட்டப் பிரிச்சுக் குடுத்திருக்கே. நல்லது. என் வீட்ல விரிச்சிருக்கிற துக்க மெத்தையில நீ உக்காரக் கூடாது. அது பெண்டாட்டி உக்கார்ற இடம்.”

சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஊரில் பாட்டியிடம் விட்டிருந்த மகள் லினேயோ ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளையும் அழைத்துக்கொண்டு மாலினேயோ பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் புருஷனின் அடக்கத்தைப் பார்த்தாள்.

வேறு பெட்டி வாங்க வழியில்லை. சாலை மூடியிருந்தது. அந்த வாரம் எங்கள் பக்கம் புதைத்தவர்களில் பாதிப்பேருக்குப் பெட்டி இல்லை. கடப்பாரை இறங்காத மண்ணை ஆண்கள் நாளெல்லாம் கொத்தினார்கள். லெதேகாவின் சித்தப்பா செத்துக்கிடந்த மாட்டை உரித்து, ஈரத் தோலோடு கொண்டுவந்து, “அந்தக் காலத்துல இப்படித்தானே போனாங்க,” என்று சொல்லி அவனைச் சுற்றினார். சுற்றுவதற்கு முன், முகம் பார்க்கிறவர்கள் பாருங்கள் என்றார். மாமியார் வரவில்லை. “பெட்டியில்லாத பிள்ளைய நான் பாக்கமாட்டேன்” என்று உள்ளேயே இருந்துவிட்டாள்.

மாலினேயோ ஊரைவிட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை. அவளுடைய அண்ணன் வீட்டிலும் பாதி மந்தை செத்திருந்தது, இரண்டு வாய்க்கு அங்கே சோறில்லை. பக்கத்து வீட்டுச் சமையல் குடிசையில் படுத்துக்கொண்டாள். மாமியார் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் லினேயோவிடம் சொன்னாள், அவள் கேட்கும்படி.

கால்விரல்கள் இல்லாமல், இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு தூமோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மாவும் மகனும் உள்ளே பேசிக்கொண்டது வெளியே கேட்டது.

“நீ இருந்திருந்தா விட்டிருப்பியாடா?”

“விட்டிருக்கமாட்டேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“நான் இருந்திருந்தா உங்கிட்ட அண்ணனையும் சேத்து ஆறு பிணமாக் கொண்டாந்திருப்பாங்கம்மா. என்னோட சேத்து ஏழு.”

தூமோ வெளியே வந்து, சுவரோரம் நின்ற அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தான். அதற்குமேல் அவனிடமிருந்தும் வரவில்லை. அவனுக்கும் அது ஆறவில்லை.

பனி உருக உருகச் செத்த ஆடுகள் வெளியே வந்தன. அழுகுவதற்குள் தோலையாவது எடுக்க வேண்டும். ஆள் போதவில்லை. தூமோவால் குனிய முடியாது. ஒரு மத்தியானம் பட்டிக்குள் மாமியார் தனியாக ஓர் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கத்தியை ஓட்டிப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தாள். மாலினேயோ போய் மறுகாலைப் பிடித்தாள். மாமியார் போ என்று சொல்லவில்லை.

நாலைந்து ஆடு பேச்சில்லாமல் உரித்தார்கள். கத்தியைத் தீட்ட நிறுத்தியபோது மாமியார் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“திறந்தியே. முகம் எப்படி இருந்துச்சு?”

மாலினேயோ பிடித்திருந்த காலைக் கீழே விட்டாள்.

“தூங்கற மாதிரி இல்லம்மா. வலிச்ச மாதிரிதான் இருந்துச்சு. புருவம் சுருங்கி. மூச்சுக்குத் தவிக்கும்போது இருக்குமே, அப்படியே. நான் தடவி நேராக்கப் பாத்தேன். உறைஞ்சு போயிருந்துச்சு, வரல.”

மாமியார் கத்தியைத் தீட்டினாள். நிறுத்திப் பதம் பார்த்தாள். மறுபடி தீட்டினாள்.

“பொய் சொல்லியிருக்கலாம் நீ,” என்றாள்.

“சொல்லியிருக்கலாம்.”

“சின்னப் பிள்ளையிலயே அவன் அப்படித்தான். தூக்கத்துலகூடப் புருவத்தச் சுருக்குவான்.”

அவள் அடுத்த ஆட்டை இழுத்துப் போட்டாள். எதிர்ப்பக்கத்துக் காலைக் கண்ணால் காட்டினாள். மாலினேயோ பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரியும் அவள் பக்கத்து வீட்டுக் குடிசையில்தான் படுத்தாள், அதற்கடுத்த பல ராத்திரிகளும்.